இரண்டே முக்கால்

முதலில் சுருங்கியது கையெழுத்து.
கிட்டுசாமி தேங்காய் மண்டிப் பேரேட்டில்
சித்திரையில் சோளம் அளவு நின்ற எண்கள்
ஆடியில் கம்பு,
ஐப்பசியில் எள்.
"காயிதத்துக்குப் பஞ்சமுங்களா கணக்குப்பிள்ளை?"
முதலாளி சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

நடக்கும்போது வலது கை வீசவில்லை.
சந்தைக்குப் பின்னால் வந்த சாந்தாமணிதான் பார்த்தாள்.
"ஏனுங்க, அந்தக் கைய எங்கியாச்சும்
அடகு வெச்சுப்போட்டீங்களா?"

கோயமுத்தூர், அவினாசி ரோடு, நான்காம் மாடி.
நடுமூளையில் ஒரு கருந்திட்டு வற்றுகிறது என்றார்
டாக்டர் மதிவதனி.
அதில் ஊறுவதன் பேர் டோபமைன்.
கொடுத்த மாத்திரை அதுவல்ல,
அதன் வேஷம் கட்டிய ஆள்.
பூட்டுக்குத் தெரியாது,
திறந்துகொள்ளும்.

திறந்தது.
தை மாதம் என் எட்டுக்கு மறுபடி இடுப்பு வந்தது.
டம்ளர் சிந்தாமல் உதடு சேர்ந்த அன்று
சாந்தாமணி பாத்திரம் கழுவப் போய்
வெகுநேரம் கழுவினாள்.

கூடவே இன்னொன்றும் திறந்தது.

பாக்கி வசூலுக்கு மீனாட்சிபுரம் போனவன்
எல்லை தாண்டி ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினேன்.
சும்மா.
கடைசி நாலு எண் பொருந்தி ஐயாயிரம்.

அந்த நாள் இன்னும் ஈரம் காயவில்லை:
செவ்வாய், தூறல்,
கடைக்காரன் சுகதன் சட்டையில் மூன்றாம் பொத்தான் மட்டும் நீலம்,
ரேடியோவில் மலையாளத்தில் ரப்பர் விலை,
நேந்திரங்காய் பொரியும் எண்ணெய் வாசம்.
அதற்குப் பிறகு தோற்ற இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டில்
மழையா வெயிலா, ஒன்றும் நினைவில்லை.
மூளையும் பேரேடு எழுதுகிறது:
வரவை மையில்,
செலவை ஈர்க்குச்சி தொட்டுத் தண்ணீரில்.

சொன்னால் நம்பமாட்டீர்கள்,
பணம் அத்தனை இனிக்கவில்லை.
இனித்தது மூன்று மணிக் குலுக்கலுக்கு முன்னால்,
இரண்டே முக்கால்.
பிறகு அது நகர்ந்தது,
சுகதன் கடையின் படுதாவுக்கு.
பிறகு அம்பராம்பாளையம் பாலத்துக்கு.
பிறகு பச்சை பஸ்ஸின் ஹாரனுக்கு.
கடைசியில் காலையில் செருப்பைத் தேடும்போதே
நாக்கில் ஊறியது.
பரிசு இருந்த இடத்தில்தான் இருந்தது.
ஆசைதான் ஒவ்வொரு நிறுத்தமாக
எதிர்த்திசையில் இறங்கி வந்து
என் வாசலில் நின்றது.

மூன்று பவுன் சங்கிலி சொசைட்டியில் நம்பர் ஒட்டிக் கிடந்தது.
பேரேட்டின் கடைசிப் பக்கங்களில்
குண்டு குண்டாக, அச்சடித்தாற்போல்,
சீட்டு எண்கள்.
சாந்தாமணி பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.
"எழுத்து எவ்வளவு நல்லா வருது" என்றாள்.
அதற்குத் திட்டியிருக்கலாம்.

"மாத்திரைக்கு இப்படியும் ஒரு குணம் உண்டு.
முதல் நாளே சொன்னேன், தலையாட்டினீங்க" என்றார் டாக்டர்.
"அது நடுக்கமா இருந்திருக்குமுங்க"
என்றாள் இவள்.

வாய்க்கால் பார்த்து வளர்ந்தவனுக்கு விளங்காதா.
கடைமடை காய்கிறதென்று
தண்ணீரைத் திறந்து விட்டோம்.
தலைமடைக் காடு காயவே இல்லையே,
அது முங்கிப்போச்சு.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.
ஒரு மாதம் கட்டிலை விட்டு எழக் காரணம் கிடைக்கவில்லை.
கொப்பரை விலை ஏறிவிட்டதாம்.
ஏறட்டும்.
சாந்தாமணி ரசம் வைத்தாள், குடித்தேன்.
நன்றாக இருந்தது,
இன்னொரு டம்ளர் கேட்கத்தான் தோன்றவில்லை.

இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்,
லோடு சீட்டை அவள் வாசிக்க வாசிக்க,
கம்புக்கும் எள்ளுக்கும் நடுவில் ஓர் அளவில்.
முதலாளி பூதக்கண்ணாடி வாங்கிவிட்டாராம்.

இன்று செவ்வாய்.
சுவரில் இரண்டே முக்கால்.
தெருமுனையில் பச்சை பஸ் திரும்பும் சத்தம்.
பேனா நடுங்குகிறது.
எந்த நடுக்கம் என்று
அவளும் கேட்கவில்லை,
நானும் பார்க்கவில்லை.
"அடுத்ததுங்க, உரித்த காய் நாலாயிரத்து..."
என்கிறாள், கொஞ்சம் சத்தமாக.